வெற்று எடை

டோப்ரிச் நகருக்கு வெளியே தானியக் கிடங்கின் வாசலில்
லாரிகளை எடை போடுவது என் வேலை.
நிறைந்து வரும்போது ஒரு தடவை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவை.
கழித்தால் வருவது கோதுமை.
என்னை மட்டும் அப்படிக் கழித்துப் பார்க்க முடிந்ததில்லை.

பத்தொன்பதில் தொடங்கிய வலிக்கு
முப்பத்தொன்றில்தான் பெயர் வைத்தார்கள்.
வார்னா மருத்துவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கருப்பைக்குள் இருக்க வேண்டியது
வெளியே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார்,
குடலில் கொஞ்சம், சினைப்பையில் கொஞ்சம்.
எண்டோமெட்ரியோசிஸ்.
நான் தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.
எங்கள் நாட்டில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள்.

வீடு திரும்பும் வழியில்தான் புரிந்தது.
ஜூலையில் லாரிகள் வளைவில் சிந்திப்போகும் மணிகள்
அக்டோபர் மழைக்குச் சாலையோரம் முளைத்து நிற்கும்.
யாரும் விதைக்காதது, யாரும் அறுக்க வராதது.
தார் விரிசலுக்குள் வேர்.

மாத்திரையில் வலி இறங்கியதோ இல்லையோ
ஒன்பது கிலோ ஏறியது.
ஓர் இரவுப் பணியில், வரிசை ஓய்ந்த பிறகு,
எடைமேடையில் நானே போய் நின்றேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு அது.
இருபது இருபதாக மட்டுமே எண்ணத் தெரியும்.
திரையில் எண்பது.
வீட்டுத் தராசு காலையில் எண்பத்தாறு என்றிருந்தது.
ஆறு கிலோ தள்ளுபடி!
சத்தமாகச் சிரித்தேன். சிரித்தால் இடுப்பில் இழுக்கும்,
இருந்தும் சிரித்தேன்.

பிறகு ரொட்டியை நிறுத்தினேன்.
நாளெல்லாம் கோதுமைத் தூசி மூக்கில் ஏற
பருப்பும் பீட்ரூட்டும் கானாங்கெளுத்தியும்
டப்பாவில் கொண்டுவந்தேன்.
வெள்ளைப் பாலாடைக்கட்டி போயிற்று.
காப்பி போக மறுத்தது, பாதிக் கோப்பையில் சமரசம்.
எடைச்சீட்டுகளின் பின்பக்கம் எழுதி வைத்தேன்:
செவ்வாய், அவரைச் சூப்பு, வலி ஏழு.
வெள்ளி, வயிறு உப்பவில்லை, பாவாடைக் கொக்கி மாட்டிற்று.

கியோர்கி திருநாளில் மாமியார்
ரொட்டியைப் பிட்டு என் தட்டில் வைத்தார்.
ஒரு துண்டு யாரையும் கொன்றதில்லை, பெண்ணே.
உண்மைதான். கொல்வதில்லை,
அதுதானே தொல்லை.

திஹோமிர் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த மாதம் காரைத் துடைக்கும்போது
ஓட்டுநர் இருக்கைக்கடியில் ரொட்டித் துகள்கள்,
கள்ளக்காதலின் தலைமுடி போல.
எனக்குத் தெரியாமல், என் எதிரே தின்னாமல்,
வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.
துகள்களைத் துடைக்காமல் விட்டுவிட்டேன்.

ஆறு மாதத்தில் ஒன்பது ஆறாயிற்று.
ஆறு என்றால்,
குளியலறைத் தரையில் கன்னம் வைத்துக் கிடக்க வேண்டியதில்லை.
வெந்நீர்ப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு
நாற்காலியில் உட்கார்ந்து
சரியான எண்ணைத் தட்டலாம்.
உடம்பில் நான்கு கிலோ போயிற்று, ஒன்றரை திரும்பி வந்தது.
உணவா, காலமா, அறுவையில் சுரண்டி எடுத்ததா,
யார் வேலை இது என்று மருத்துவரும் சொல்லவில்லை.

நேற்று வால்கோ சூடான பனிட்சாவை
ஜன்னல் வழியே நீட்டினான்.
சோர்னிட்சா, என் மனைவி சுட்டது, மறுக்காதே.
மடிப்பு மடிப்பாக வெண்ணெய்.
பசித்தது. தின்றேன். முழுசாக, விரல் நக்கி.
இரவு முழுக்கக் காத்திருந்தேன்,
வாசலில் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுப்பது போல.

வரவில்லை.

வலித்திருந்தால் எழுதத் தெரியும் எனக்கு.
இன்று சீட்டின் பின்பக்கத்தில் பேனா நிற்கிறது:
புதன், பனிட்சா, வலி

வெளியே ஹாரன்.
நிறைந்த லாரி ஒன்று மேடையேறி நிற்க
திரையில் எண்கள் ஆடுகின்றன.
இன்னும் நிலைகொள்ளவில்லை.
பொறு என்று கை காட்டுகிறேன்.